சொல்வதற்கு முன் கேளுங்கள்: அறிவியல் வகுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும், அதைப் பற்றி உலகில் நடந்திருக்கும் ஆய்வுகள் நம் வகுப்பறைக்கு உதவுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் கேட்கின்றன. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு சோதனையாவது செய்து காட்டுகிறேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பழைய தவறான விளக்கத்தையே சொல்கிறார்கள். கண்ணால் பார்த்தும் ஏன் ஒட்டவில்லை?
*அறிவியல் ஆசிரியை, பாலக்கோடு வட்டம்*

சோதனையில் குறையில்லை டீச்சர். அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில்தான் ஏதோ விடுபடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரின் குழு இதையே ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டது. சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், அதைப் பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக உயரவில்லை. "என்ன நடக்கும்?" என்று முதலிலேயே கணித்துச் சொன்னவர்களுக்குத்தான் தெளிவான பலன் கிடைத்தது. கணித்தவருக்குத் தன் கணிப்பு பொய்க்கும்போது உறுத்துகிறது. மற்றவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. ஒயிட், கன்ஸ்டன் என்ற இருவர் 1992-இல் இதை 'கணி, கவனி, விளக்கு' என்ற மூன்று படிகளாக வகுத்துத் தந்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த மெழுகுவத்திச் சோதனையை எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிப் பாட்டில். சுடர் அணைகிறது, தண்ணீர் ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்தது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதனால் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது" என்று பல வகுப்புகளில் சொல்லப்படுகிறது. இந்த விளக்கம் தவறு.

விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு மை விடுங்கள். 500 மி.லி. பிடிக்கும் வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றும், 4 செ.மீ. உயரமுள்ள மூன்று மெழுகுவத்தித் துண்டுகளும் வேண்டும். முதலில் ஒரே ஒரு மெழுகுவத்தியோடு செய்யுங்கள். தண்ணீர் ஏறிய உயரத்தைப் பாட்டிலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றையும் நெருக்கமாக வைத்து, கவிழ்ப்பதற்கு முன் கேளுங்கள்: "இப்போது தண்ணீர் எதுவரை ஏறும்? நோட்டில் கோடு போடு. ஏன் என்று ஒரு வரி எழுது." பாட்டில் அதே பாட்டில், அதற்குள் ஆக்சிஜனும் அதே அளவு. ஆக்சிஜன் விளக்கம் சரியென்றால் பழைய கோட்டிலேயே தண்ணீர் நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி ஏறும்.

காரணம் சூடுதான். கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியிருக்கும் சூடான, விரிந்த காற்றுதான் பாட்டிலுக்குள் போகிறது. கொஞ்சம் குமிழிகளாக வெளியேறியும் விடும். சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சுடர் எரியும்போது அல்ல, அணைந்த பிறகு. உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

சோதனை கெடும் இடங்கள் மூன்று. பாட்டிலின் வாய் தட்டோடு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது. விளிம்புக்கு அடியில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வையுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் பாதியில் காற்று புகுந்துவிடும். சடாரெனக் கவிழ்த்தால் சூடான காற்று சேராது. சுடருக்கு மேலே ஓரிரு விநாடி பிடித்து, மெதுவாக இறக்குங்கள்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் இரும்பு துருப்பிடிப்பதைக் காட்டுங்கள். இரும்பு நாரை ஒரு நிமிடம் வினிகரில் நனைத்து உதறி, சோதனைக் குழாயின் அடியில் திணித்து, தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி ஏறி நிற்கும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை வாங்கிவிடாதீர்கள். அது துருப்பிடிக்காது, தண்ணீரும் ஏறாது. ஹார்டுவேர் கடையில் சாதா இரும்பு நார் என்று கேளுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 58 பேர். ஸ்மார்ட் போர்டு இல்லை, பாடவேளை 40 நிமிடம். 'செயல்வழிக் கற்றல்' என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். இவ்வளவு கூட்டத்தில் அது நடக்கிற காரியமா? அதற்கு ஆதாரம் உண்டா?
*பட்டதாரி ஆசிரியர், பென்னாகரம்*

ஆதாரம் நிறையவே உண்டு. ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் 1998-இல் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், முதலில் தெரியாமலிருந்ததில் சராசரியாக 23 சதவீதத்தைக் கற்றிருந்தன. மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகள் கற்றது 48 சதவீதம். 2014-இல் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம். இவை கல்லூரி வகுப்புகளின் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் முறை பள்ளிக்கும் பொருந்தும்.

58 பேருக்குத் தோதான முறை, மஸூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சகமாணவர் கற்பித்தல். இதற்குக் கருவி ஒரு ஏ4 தாள்தான். இரண்டு முறை மடித்து, நான்கு பக்கங்களில் அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதி ஒவ்வொருவரும் நோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். பத்து நிமிடம் பாடம் நடத்தியதும் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தாளை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சரியான விடை எத்தனை பேருக்கு என்று கண்ணாலேயே கணக்கிடுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியென்றால், "வேறு விடை பிடித்த ஒருவரைப் பக்கத்தில் தேடு, அவரை ஒப்புக்கொள்ள வை" என்று மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி தாள் தூக்கச் சொல்லுங்கள். விளக்கம் அதற்குப் பிறகுதான். 30-க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தையே வேறு வழியில் நடத்துங்கள். 70-க்கு மேலே என்றால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள்.

இதன் வெற்றி கேள்வியைப் பொறுத்தது. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்பதற்குத் தாள் தூக்க முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

*மாங்கொட்டை முளைத்துப் பெரிய மரமானது. அந்த மரத்தை வெட்டிக் காயவைத்து, தண்ணீர் முழுவதும் போனபின் நிறுத்தால் வரும் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? அ) மண், ஆ) தண்ணீர், இ) காற்று, ஈ) போட்ட உரம்.*

மாந்தோப்புக்குள் வளர்ந்த பிள்ளைகள்கூட அ, ஈ என்று அள்ளிப் பிடிப்பார்கள். விடை இ. காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி கார்பனும் ஆக்சிஜனும். அவை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. பேசி முடித்தபின் வான் ஹெல்மாண்ட் கதையைச் சொல்லுங்கள். அவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ்தான். மண் இல்லை என்று சரியாகக் கண்டார். ஆனால் எல்லாமே தண்ணீர் என்று முடிவுகட்டிவிட்டார். அவர் மறைந்தபின் 1648-இல் அச்சான இந்தச் சோதனையில் அவர் தவறிய இடம் எது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கவனிக்க வேண்டியது: முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்து மற்றவர்கள் மாற்றுவார்கள். அதனால்தான் ஒரே நேரம், நெஞ்சோடு ஒட்டிய தாள். இன்னொன்று, சரியான விடையைப் பார்த்ததும் ஆசிரியரின் முகம் மலர்ந்துவிடும். பிள்ளைகள் அதைப் படித்துவிடுவார்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி போதும், மிஞ்சினால் இரண்டு.

கேள்வி: இப்படியெல்லாம் செய்தால் "சார் பாடமே நடத்த மாட்டேங்கிறார்" என்று பிள்ளைகளே வீட்டில் சொல்கிறார்கள். பெற்றோர் தலைமையாசிரியரிடம் போய்விட்டார்கள். என்ன செய்வது?
*முதுகலை ஆசிரியர், அரூர்*

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். 2019-இல் ஹார்வர்டில் டெலோரியர்ஸ் குழு ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தது. தாங்களே போராடிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள்; ஆனால் "எனக்குக் குறைவாகத்தான் புரிந்தது" என்றார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டவர்கள் புரிந்ததாக நினைத்தார்கள், குறைவாக எடுத்தார்கள். மூளை சிரமப்படுவதைப் பிள்ளைகள் 'புரியவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்து, விரிவுரையாக நடத்திய பாடம் ஒன்றிலும் பேசவிட்டு நடத்திய பாடம் ஒன்றிலும் வந்த மதிப்பெண்களை அவர்கள் கண்முன் பலகையில் எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் அந்தத் தாள்களையே எடுத்துப் போங்கள். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் சுருக்கத்தைச் சொல்லி நோட்டில் எழுத வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் திறந்து காட்ட ஏதாவது வேண்டும்.

கேள்வி: என் மகன் 'பார்த்துக் கற்கும் வகை' என்று பணம் கட்டிய ஒரு பயிற்சி மையத்தில் சான்றிதழ் தந்தார்கள். அதற்கேற்ற வகுப்பில் சேர்க்கலாமா?
*ஒரு தாய், கிருஷ்ணகிரி*

வேண்டாம் அம்மா. பிள்ளைகளைப் பார்ப்பவர், கேட்பவர், செய்பவர் என்று பிரித்து, அந்தந்த வகைக்கேற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லர் முதலான உளவியலாளர்கள் 2008-லேயே ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். படம் தேவையா பேச்சு தேவையா என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும். இதயத்தின் அமைப்புக்கு எல்லாப் பிள்ளைக்கும் படம் வேண்டும்.

ஆதாரம் உள்ள ஒன்றைச் சொல்கிறோம், செலவும் இல்லை. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மேல். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் செய்த ஆய்வில், ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தவர்களுக்கு நினைவிலிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். இரவு உட்கார்ந்ததும் நான்கு கேள்வி கேளுங்கள்: இன்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. தப்பினால் திட்டக் கூடாது, மார்க்கும் போடக் கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம், மற்றவர்களுக்குத் தெலுங்கு. தமிழ் வழியில் அறிவியல். கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை.
*இடைநிலை ஆசிரியை, தளி ஒன்றியம்*

பதில் தெரியாமல் அல்ல, மொழி மாற்றி அடுக்க நேரம் போதாமல் இருக்கலாம். மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கியதுமே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் சொல்லும் பிள்ளைக்கு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

கணிப்பதும் வாதாடுவதும் வீட்டு மொழியிலேயே நடக்கட்டும். கலைச்சொல் கடைசியில் வந்தால் போதும். பொருளை உணர்வதற்கு முன்பே 'ஆவியாதல்' என்ற சொல்லைப் பலகையில் எழுதினால் அதை மனப்பாடம்தான் செய்வார்கள். வெயிலில் ஈரத்துணி காய்வதைப் பார்த்துப் பேசியபின் சொல்லைத் தாருங்கள். அந்தச் சொல் அவர்களிடமே இருக்கிறது: தமிழில் ஆவி, கன்னடத்திலும் ஆவி, தெலுங்கில் ஆவிரி. நிழல், நெரளு, நீட என்று மூன்று பத்திகளில் ஒரு சொற்சுவர் எழுதி வளர்த்துக்கொண்டே போகலாம்.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. விசை, ஆற்றல், திறன் மூன்றையும் வீட்டில் 'சக்தி' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். வண்டியைத் தள்ளுவது விசை. மேட்டில் நிற்கும் வண்டியிடம் இருப்பது ஆற்றல். அதே மேட்டை ஒருவர் ஒரு நிமிடத்திலும் இன்னொருவர் இரண்டு நிமிடத்திலும் ஏறினால் வேறுபடுவது திறன். அப்படி ஒரே காட்சியை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு பல்பைத் தொடரில் இணைத்தேன். ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரிந்தது. "முதல் பல்பு கரண்டைச் சாப்பிட்டுவிட்டது" என்று பிள்ளைகள் சொன்னார்கள். மறுக்க முடியாமல் போய்விட்டது.
*ஆசிரியர், ஊத்தங்கரை*

இது பல்பின் குற்றம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பும் வேறு அளவு பல்பும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மின்தடை அதிகமுள்ள பல்பு கூடுதலாக ஒளிர்கிறது. பிள்ளைகளின் எண்ணத்தையே கருதுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள். "முதல் பல்புதான் சாப்பிடுகிறது என்றால், இரண்டையும் இடம் மாற்றினால் எது பிரகாசிக்கும்?" என்று எழுத வைத்துவிட்டு மாற்றுங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்தே இடம் மாறும். கெட்டுப்போன சோதனை நல்ல பாடமாகிவிடும்.

அடுத்த முறை ஒரே பெட்டியிலிருந்து பத்து பல்பு வாங்கி, தொடரில் இணைத்துப் பார்த்து, ஒத்து எரியும் ஜோடிகளை நூல் கட்டிப் பிரித்து வையுங்கள். 1.5 வோல்ட் செல் இரண்டு வேண்டும். ஒன்றில் இரண்டு பல்பும் சிவந்து நிற்குமே தவிரக் கண்ணுக்குத் தெளியாது. எல்.இ.டி. மலிவுதான், ஆனால் திசை மாறினால் எரியாது. 'சுற்று மூடியிருக்க வேண்டும்' என்ற முதல் பாடத்தில் அது இன்னொரு குழப்பத்தைக் கலந்துவிடும்.

மல்டிமீட்டரில் ஒரு எச்சரிக்கை. மின்னோட்டம் அளக்கச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகிவிட்டு, அதை மாற்ற மறந்து செல்லின் இரு முனையில் வைப்பார்கள். அது குறுக்குச் சுற்று. செல்லும் வயரும் சுடும். அளந்ததும் வயரைப் பழைய துளைக்கு மாற்றுவதை ஒரு பிள்ளையின் பொறுப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலத்தைச் சூத்திரமாகத்தான் நடத்துகிறேன். வேறு வழி?
*ஆசிரியை, பர்கூர்*

புளியங்கொட்டை. தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதேபோல் 100 கொட்டைகளைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றை 'சிதைந்த அணு' என்று எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி மறுபடி குலுக்குங்கள். எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நூறு சேர்ந்தால் வரைபடம் ஒழுங்காக வளைந்து இறங்கும்.

கொட்டை நாணயம் அல்ல, பாதிக்குப் பாதி விழாது. 40 சதவீதம் விழுந்தால் 100, 60, 36, 22, 13 என்று இறங்கும். பாதியாவதற்குச் சுமார் 1.4 குலுக்கல்; அதுதான் கொட்டையின் அரை ஆயுள். இது பிழையல்ல. ஒவ்வொரு கதிரியக்க அணு வகைக்கும் ஏன் வேறு வேறு அரை ஆயுள் என்பதை விளக்க இதைவிட நல்ல வழி இல்லை. 10 கொட்டையோடு மட்டும் செய்தால் வரைபடம் தாறுமாறாகப் போகும். குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் போடுங்கள்.

பிறகு நம் மாவட்டத்துக்கு வாருங்கள். மயிலாடும்பாறை அகழாய்வு மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 2172 என்றும், இரும்புப் பயன்பாடு அவ்வளவு பழையது என்றும் 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. சுமார் 4,200 ஆண்டுகள். பழம்பொருளின் காலத்தைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். அப்படியானால் அந்த மாதிரியில் எத்தனை பங்கு கார்பன்-14 மிச்சமிருந்திருக்கும்? பாதிக்கு மேலா, கீழா? முதலில் கை தூக்க வைத்துவிட்டுக் கணக்கிடுங்கள். 60 சதவீதம் வரும். ஆய்வகத்தில் இதோடு மரவளையக் கணக்கையும் ஒப்பிட்டுத் திருத்துவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று ஆய்வு செய்ய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். எப்படி வழிநடத்துவது?
*வழிகாட்டி ஆசிரியர், காரிமங்கலம்*

நம் இரு மாவட்டத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடையாது. நிலத்தடிப் பாறையிலுள்ள ஃப்ளோரைடு கலந்த கனிமங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கே இதுதான் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி. ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீரே இல்லாதபோது 1.5 வரை.

கேள்வியை முதலில் சுருக்குங்கள். "எங்கள் ஊர்த் தண்ணீர் நல்லதா?" என்பதை அளக்க முடியாது. "ஒரே தெருவில் 100 அடிக் கிணற்றுக்கும் 600 அடிப் போருக்கும் ஃப்ளோரைடு வேறுபடுகிறதா?" என்பதை அளக்கலாம். எந்தப் பக்கம் கூடும் என்ற கணிப்பைத் தேதியிட்டு நோட்டில் எழுதிவிட்டே வெளியே கிளம்ப வேண்டும்.

மாதிரி எடுக்க 250 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். கைப்பம்பை ஐந்து நிமிடம் அடித்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றி, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிறகு நிரப்புங்கள். இடம், தேதி, ஆழம், குடிக்கவா புழங்கவா என்று சீட்டு ஒட்டுங்கள். சீட்டில் உரிமையாளர் பெயர் வேண்டாம், எண் போதும்.

நிறம் பார்க்கும் கிட்டில் சிர்கோனியம் சாயக் கரைசல் இருக்கும். ஃப்ளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகும். அந்தக் கரைசலில் அமிலம் இருப்பதால் கையுறை போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்றுதான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை சோதியுங்கள். ஒருவர் பார்த்த நிறத்தை மற்றவர் அறியாமல் இருவர் தனித்தனியாகக் குறிக்கட்டும். வரிசையில் ஒன்று காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். அதிலேயே ஃப்ளோரைடு காட்டினால் கிட் காலாவதியாகியிருக்கும், இல்லையேல் குழாய் அழுக்கு. நிறத்தை டியூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று பாருங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது குளோரினில். குளோரின் சாயத்தை வெளுக்கச் செய்வதால் ஃப்ளோரைடு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மருந்து வாசனை அடிக்கும் குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் அரை நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இடையில் ஒரு கேள்வியைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்: "கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடுமா?" ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'போய்விடும்' என்பார்கள். கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. லிட்டருக்கு 1.5 மி.கி. உள்ள தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்தால் அது 3 மி.கி. ஆகும். இதை அளந்தே காட்டலாம். உங்கள் ஆய்வறிக்கையில் ஊருக்கு மிகவும் பயன்படும் பக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

ஃப்ளோரைடால் பற்களில் கறை படிந்த பிள்ளைகளைப் படம் எடுத்து அட்டையில் ஒட்ட வேண்டாம். அவர்களும் அந்த அரங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். 1.5-க்கு மேல் காட்டிய மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஊராட்சியிடம் எழுத்தில் கொடுங்கள். கிட்டின் அளவை மட்டும் வைத்து ஊரைப் பதறவிடக் கூடாது.

கேள்வி: மகள் அறிவியல் வீட்டுப்பாடத்தை எல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறாள். தடுப்பதா?
*ஒரு தந்தை, ஓசூர்*

வரிசையை மாற்றச் சொல்லுங்கள். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. விடை சொல்லும் கருவி கையில் இருந்தபோது பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்தது. எனவே முதலில் அவள் தன் விடையைப் பேனாவால் எழுதட்டும். பிறகு "என் விடையில் எங்கே ஓட்டை? விடையைச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேள்" என்று கருவியிடம் கேட்கட்டும்.

கேள்வி: தினமும் மதியம் 12 மணிக்குச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் என்று சொன்னேன். அறிவியல் மிஸ் "அளந்து பார்" என்று சொல்லிவிட்டார். எப்படி அளப்பது?
*எட்டாம் வகுப்பு மாணவி, ஓசூர்*

நல்ல மிஸ் கிடைத்திருக்கிறார் பாப்பா. சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைச் சமதளமான தரையில் நடு. நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார். குச்சி சாய்ந்திருந்தால் எல்லா அளவும் தப்பு. 11:50 முதல் 12:50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணாம்புக் கட்டியால் குறி. எந்த நேரத்தில் நிழல் மிகச் சிறியதோ அதுதான் உன் ஊரின் உண்மையான நடுப்பகல்.

அது 12:00-க்கு வராது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஓசூர் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கே வரக் கூடுதல் நேரம் ஆகும்: ஏப்ரல் கடைசியில் சுமார் 12:17, ஆகஸ்ட் நடுவில் சுமார் 12:22.

நிழல் இல்லாமலே போகும் நாள் ஆண்டுக்கு இரண்டுதான். ஓசூரில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19 வாக்கில். கிருஷ்ணகிரியில் ஏப்ரல் 23, ஆகஸ்ட் 20. தருமபுரியில் ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21. ஒரு நாள் முன்பின் இருக்கலாம். டிசம்பர் 22 அன்று உன் 1 மீட்டர் குச்சியின் நடுப்பகல் நிழல் வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 73 செ.மீ. நீளும். ஜூன் 21 அன்று எவ்வளவு நீளும், எந்தப் பக்கம் விழும்? அதை இங்கே சொல்லப்போவதில்லை. உன் கணிப்பை இன்றே நோட்டில் எழுதி, மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கி வை. ஜூனில் மேகம் மூடக்கூடும். 21-ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் குச்சி நட்டே இருக்கட்டும்.